மென்றுகொண்டே பேசுகிறவன்

"நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்." இதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார் டீச்சர். கண்ணாடிக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

சொல்லத் தெரியாமல் இல்லை. அந்த வகுப்பில் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிற ஒரே ஆள் அவர்தான். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, நாற்காலியின் சாய்மானத்தில் முதுகு படாமல் உட்கார்ந்திருப்பார். எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். அன்றும் எழுந்து நின்றார். நின்றவர் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சார், வார்த்தை மறந்துடுச்சா?"

"வார்த்தை எல்லாம் இருக்கும்மா. எங்க வீட்டுல அப்படி யாரும் சாப்பிடறது இல்லை."

"சார், இது சும்மா பயிற்சி. நீங்க நிஜமா அப்படிச் சாப்பிடணும்னு யாரும் கேக்கல."

"நான்னு ஆரம்பிச்சுட்டு நான் செய்யாததை எப்படிச் சொல்றது? எந்த மொழியில சொன்னா என்ன, பொய் பொய்தானே?"

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கு டீச்சர், எங்க வீட்டுல ஒரு ஆள் அப்படித்தான் சாப்பிடறான். அது நான்தான்."

வகுப்பே சிரித்தது. கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவருடைய தம்பி, சின்னவன், வாயில் பல்குச்சியை வைத்துக்கொண்டே பேசியிருப்பான். அந்தக் குச்சி பேச்சுக்குத் தகுந்தாற்போல் மேலும் கீழும் ஆடியிருக்கும். நினைத்தாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இந்த வயதில் அவர் ஜப்பானிய மொழி படிக்க வந்ததற்குக் காரணம் மகள். வெளிநாட்டில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், கூட வேலை பார்க்கிற ஒரு ஜப்பானியப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கண்ணாடிக்காரர் குதிக்கவில்லை. பையனைப் பற்றி விசாரித்தார், திருப்தியாக இருந்தது, சரி என்றார். பையனுடைய அப்பாவும் அம்மாவும் பெண்வீட்டைப் பார்க்க வருவதாக முடிவானது. "நான் மொழிபெயர்த்துச் சொல்றேன்ப்பா, நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் மகள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நிற்கும்போது, கல்யாணப் பெண்ணே நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வார்த்தையைச் சுமப்பதா? குடும்பத் தலைவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? வாங்க என்பதையும் உட்காருங்க என்பதையும் இது எங்கள் குடும்பம் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். சொல்வது என்று முடிவு செய்துவிட்டார்.

தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியிலேயே வகுப்பு நடந்தது வசதியாகப் போயிற்று. ஆனால், அவர் சேர்ந்த மறுநாளே சின்னவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். "சும்மாதானே இருக்கேன் அண்ணே, காது வழியா நாலு வார்த்தை போகட்டுமே" என்றான். அந்தக் காதைத்தான் அவன் பேனா மூடியால் சதா குடைந்துகொண்டிருப்பான்.

முந்தைய பாடங்களில் கண்ணாடிக்காரருக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. நான் எழுந்தேன். நான் கடையைத் திறந்தேன். நான் கடையை மூடினேன். ஒரு வாக்கியம், அதில் ஒரு வேலை. படிக்கும்போதே மனதுக்கு ஒரு சுத்தம் இருந்தது. இந்தப் பாடம்தான் வினையாக வந்து வாய்த்தது. வினைச்சொல்லின் வாலை வெட்டிவிட்டு 'நகர' என்று ஒட்டினால், நம் 'கொண்டே' செய்கிற வேலையை அது செய்யும் என்று விளக்கினார் டீச்சர். ஒரே ஆள்தான் இரண்டு காரியத்தையும் செய்ய வேண்டும். எது முக்கியமான காரியமோ அது கடைசியில் வரும்.

"நகரன்னா நகர்ந்துக்கிட்டேவா டீச்சர்?" என்றான் சின்னவன். "எங்கண்ணன் புடிச்ச எடத்தைவிட்டு நகரவே மாட்டாரே!"

டீச்சரும் சிரித்தார். அவர் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. மாலை வகுப்பில் அவருக்குப் பசிக்கும். பாடம் நடத்திக்கொண்டே கடிப்பார். ஒவ்வொரு 'ப'வுக்கும் 'பே'வுக்கும் பிஸ்கட் தூள் பறக்கும். முன்வரிசையில் உட்கார்ந்த கண்ணாடிக்காரர் பாடப்புத்தகத்தை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மரியாதைக்காகப் பிடிக்கிறார் என்று டீச்சர் நினைத்திருக்கலாம்.

புத்தகத்தில் இருந்த உதாரணங்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். நடந்துகொண்டே தின்பது, புகைத்துக்கொண்டே பேசுவது என்று எல்லாம் பண்பில்லாதவர்களின் வேலைதான் என்றாலும், அவர்கள் யாரோ எவரோ. டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. "இப்ப எல்லாரும் அவங்கவங்க வீட்டுல நடக்கறதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றுவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கொட்டினார்கள். கிரேன் ஓட்டுகிறவர், தான் குளித்துக்கொண்டே பல் தேய்ப்பதாகச் சொன்னார். துப்புவது எங்கே விழும்? சொந்தக் காலில்தானே? நர்ஸம்மா, நகம் வெட்டிக்கொண்டே சீரியல் பார்ப்பாராம். வெட்டிய நகம் எங்கே தெறித்தது என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சின்னவன் முறை வந்தது. எழுந்து நின்றான். குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, தடங்கல் இல்லாமல் கணீரென்று சொன்னான்:

"நான் கழிப்பறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே ரொட்டி தின்றேன்."

 கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. கிரேன் ஓட்டுகிறவர் மேஜையைத் தட்டினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாக்கியம் அருமை, ஒரு தப்பும் இல்லை" என்றார். அருமையாம்! கண்ணாடிக்காரருக்குக் காது வரை சூடேறியது. அந்த ரொட்டி அவர் வாங்கியது. அந்தக் கழிப்பறை அவர் வீட்டுக் கழிப்பறை. இருவரும் அண்ணன் தம்பி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பா காலத்திலிருந்து கட்டிக் காத்த பெயர், ஒரு துண்டு ரொட்டியோடு போய்விட்டது.

அவர் புத்தகத்தை மூடினார்.

"சார், போறீங்களா? உங்க வாக்கியம் பாக்கி இருக்கே."

"என்கிட்ட அந்த மாதிரி வாக்கியம் கிடையாதும்மா."

டீச்சர் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. எல்லாத்தையும் தனித்தனியா சொன்னா கேக்கறவங்களுக்கு வெட்டு வெட்டா விழும். ரெண்டைச் சேர்த்துச் சொன்னாத்தான் மனுஷன் பேசற மாதிரி இருக்கும்."

"ஒரு வேலை செய்யறப்போ ஒரு வேலைதான் செய்யணும். சொல்றப்பவும் அப்படித்தான்" என்றார் அவர். டீச்சரின் உதட்டோரத்தில் ஈரமாக ஒட்டியிருந்த தூளைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

கடையில் அவருடைய மேஜை ஒன்று உண்டு. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். துணியில் திருகாணி வைக்கிற கிண்ணம், மூக்குத்தாங்கியை வளைக்கிற சிறு இடுக்கி, லென்ஸ் துடைக்கிற மெல்லிய தோல். அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டால் அவர் தும்மக்கூட மாட்டார். ஒருவருடைய முகத்தை அளவெடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்நியருடைய முகத்தில் நம் மூச்சு படக்கூடாது என்பது அவர் எண்ணம். சின்னவன் அங்கே 'உதவி' செய்கிறான் என்று பேர். வாடிக்கையாளரிடம் வானிலை பேசிக்கொண்டே காதைக் குடைவான், அதே விரலால் புதுச் சட்டத்தை எடுத்து நீட்டுவான். கண்ணாடியில் பதிந்த மஞ்சள் ரேகையைக் கண்ணாடிக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் துடைப்பார். வாடிக்கையாளர் போன பிறகு ஆரம்பிப்பார். சின்னவனின் பிறப்பு, வளர்ப்பு, போன வேலைகள், நிலைக்காத சம்பந்தங்கள் எல்லாம் வரிசையாக வரும். சின்னவன் தலையாட்டிக்கொண்டே காலை ஆட்டுவான். மதியம் ஆனதும் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை அவர் இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை அவன் பக்கம் தள்ளுவார். திட்டு அப்போதும் நிற்காது.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். "அவங்க வர்ற அன்னிக்கு இவன் இங்க இருக்கக் கூடாது."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்க அனுப்புவீங்க?"

"எங்கயாவது. அவன் சிநேகிதன் எவனாவது இருப்பான்ல."

"தம்பி எங்கன்னு அவங்க கேட்டா? பொண்ணு போட்டோ காட்டியிருக்கா. சித்தப்பான்னு ஒருத்தர் இருக்கார்னு அவங்களுக்குத் தெரியும்."

"வெளியூர் போயிருக்கான்னு சொன்னாப் போச்சு."

"யாரு சொல்றது? நீங்களா?"

 மனைவி ஒரு சட்டையை உதறி மடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சைப் பேசினாள். இத்தனை வருஷத்தில் அவருக்காகப் பழகிக்கொண்ட பழக்கம் அது. "தொலைக்காட்சி பார்த்துக்கிட்டே சாப்பிடறேன்னு ஒரு சின்னப் பொய், பாடத்துக்குக்கூட உங்க வாயில வரலியாமே. சம்பந்தி முன்னாடி வருமா?"

"அதுக்குள்ள அதையும் வந்து சொல்லிட்டானா?"

"ரொட்டி விஷயத்தையும் சொன்னார்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்!

ஆக, சின்னவன் இருப்பான் என்றாயிற்று. இருக்கட்டும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. கண்ணாடிக்காரர் தம்பியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டார்.

"குளிச்சிருக்கணும். நகம் வெட்டியிருக்கணும், அதுவும் வாசல்ல போய் வெட்டணும். குச்சி கூடாது. அவங்க முன்னாடி பேசக் கூடாது. தின்னவும் கூடாது."

"ஒரு சந்தேகம் அண்ணே. ரெண்டையும் ஒண்ணா செய்யக் கூடாதா, இல்லை ரெண்டையுமே செய்யக் கூடாதா?"

"ரெண்டையுமேடா!"

"அப்ப மூச்சு?"

"அவங்க மேல படாம விடு."

"சரி அண்ணே" என்றான் சின்னவன், நல்ல பிள்ளையாக. இது மகளுடைய காரியம் என்பது அவனுக்கும் தெரியும். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்தத் தோளில்தான் அவள் பால் கக்கினாள். அவன் அந்தச் சட்டையோடே நாள் முழுவதும் சுற்றினான் என்பதைக் கண்ணாடிக்காரர் இன்றும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்குப் போகவில்லை; சின்னவன் மட்டும் போய்வந்தான். போக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தார். தெரிந்த பாடங்களை வைத்தே வரவேற்புப் பேச்சைத் தயாரித்தார். லென்ஸ் தீட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகத் தீட்டினார். எதிலும் இரண்டு வேலை இல்லை. எதிலும் பொய் இல்லை. தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்தபோதும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளது உள்ளபடி. அதில் என்ன தப்பு வரப்போகிறது என்று நினைத்தார்.

அவர்கள் வந்த நாளில் வீடு பளிச்சென்று இருந்தது. முன்னறையில் மேஜைக்கு வெள்ளைத் துணி. தேநீர், கேக், பிஸ்கட். பிஸ்கட் வேண்டாம், தூள் பறக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார், மனைவி கேட்கவில்லை.

பையனின் அப்பா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பார்த்தவுடனே கண்ணாடிக்காரருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஆள் அம்பு மாதிரி உட்கார்ந்தார். இரண்டு கையும் தொடைமேல். பார்வை நேரே. பேசும்போது குவளையைத் தொடவில்லை, குவளையைத் தொட்டபோது பேசவில்லை. இவரல்லவா மனிதர் என்று நினைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். பையனின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையலறையை மேற்பார்வை பார்க்கிறவர். குள்ளமான, கலகலப்பான அம்மாள். பையன் மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சின்னவன் மூலையில், குளித்து, தலைவாரி, வாயை இறுக மூடிக்கொண்டு, தண்டனை வாங்கின பையன் மாதிரி இருந்தான்.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்று பேசினார். வாருங்கள். இது எங்கள் வீடு. நான் கண்ணாடி செய்கிறேன். இவள் என் மனைவி. ரயில்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். அந்த அம்மாள் கைகளைக் கோத்துக்கொண்டு, எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று மகளிடம் சொன்னார். மகளின் முகத்தில் பெருமை. கண்ணாடிக்காரரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்ததாக மூலையைக் காட்டினார்.

"இவன் என் தம்பி. இவனுக்கு வேலை இல்லை. இவன் என் வீட்டில் இருக்கிறான். இவன் என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். நான் இவனைத் திட்டுகிறேன். தினமும் திட்டுகிறேன்."

இந்த முறை ரயில்காரர் முழுதாகக் குனியவில்லை. பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். தட்டில் அது பட்ட ஓசை எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாக்கியத்தில் தப்பு இல்லை, அது நிச்சயம்.

"அப்பா!" என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னப்பா இது!"

"உள்ளதைத்தானே சொன்னேன்?"

அந்த அம்மாள் மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பையன் இடையில் புகுந்து ஏதோ சொல்ல, அம்மாள் தலையை அசைத்து மறுத்தார். மகள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: "வீட்டுல அண்டியிருக்கறவரை, வந்தவங்க முன்னாடி எழுந்து நின்னு இப்படிச் சொல்றாரே, இது இந்த வீட்டு வழக்கமான்னு கேக்கறாங்க. நாளைக்கு அவங்க பையனுக்கு ஒரு கஷ்டம் வந்து நம்ம வீட்டுப் படியேறினா, அவனையும் இப்படித்தான் நிறுத்தி வச்சுச் சொல்லுவீங்களான்னு கேக்கறாங்க."

 இந்த வீட்டைப் பார்த்தா அப்படி ஒரு கேள்வி? படியேறி வந்தவனை இந்தக் குடும்பம் என்றைக்கு அவமானப்படுத்தியிருக்கிறது? கண்ணாடிக்காரர் விளக்கப் பார்த்தார். கையில் இருந்ததெல்லாம் தனித்தனி வாக்கியங்கள்தான். "நான் இவனுக்கு அறை கொடுத்தேன். இவன் அழுக்கு. நான் துடைக்கிறேன்." ஒவ்வொன்றும் போய் விழுந்தபோது அந்த அம்மாளின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது. ரயில்காரர் தன் முழங்காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மகளுடைய கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் இந்தச் சம்பந்தம் கையைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கே தெரிந்தது. 

அப்போதுதான் மூலையில் அந்தச் சத்தம் கேட்டது. ஈரமான, சவசவவென்ற சத்தம். சின்னவன் மெல்லுகிறான்! எப்போது எடுத்தான் என்று யாருக்குத் தெரியும், ஒரு பெரிய கேக் துண்டு அவன் கன்னத்தை உப்பவைத்திருந்தது. பயம் வந்தால் எதையாவது வாயில் போட்டுக்கொள்வது சிறுவயதிலிருந்தே அவன் பழக்கம். அதை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே, கேக்கும் எச்சிலும் கலந்து பற்களுக்கு நடுவே தெரிய, ஜப்பானிய மொழியில் பேசினான்.

"அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே எனக்குச் சாப்பாடு போடுவார். நான் தின்றுகொண்டே கேட்டுக்கொள்வேன். சின்ன வயசிலிருந்து இப்படித்தான். திட்டு நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது."

'இறங்காது' என்ற இடத்தில் ஒரு துண்டு அவன் மோவாயில் வழிந்து சட்டையில் விழுந்தது. அவன் அதை எடுத்து மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. அப்பாவின் பெயர் முடிந்தது, வீட்டின் மானம் முடிந்தது.

முதலில் கேட்டது அந்த அம்மாளின் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க ஒரு சிரிப்பு. அவர் தன் புருஷனை முழங்கையால் இடித்து, எங்கள் வீட்டிலும் அதேதான், நான் திட்டிக்கொண்டே பரிமாறினால்தான் இவருக்கு இரண்டாம் தடவை கேட்கத் தோன்றும் என்று சொன்னார். மகள் கண்ணைத் துடைத்தபடி அதை மொழிபெயர்த்தாள். பையன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அடுத்து ரயில்காரர். அம்பு மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மனிதர், தன் மனைவி சொன்னதைக் கேட்டுக் கூச்சத்தில் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டிருந்தார். போட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். அடக்கின சிரிப்பு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ஒரே நேரத்தில் வெடித்தது.

ஈரமான ஒரு துண்டு பறந்து வந்து கண்ணாடிக்காரரின் புறங்கையில் உட்கார்ந்தது.

அவர் அதைப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ஓரங்கள் கரைந்து, நடுவில் கொஞ்சம் முறுமுறுப்பு மிச்சமிருந்தது. வேறொருவருடைய வாய்க்குள் இருந்தது, இப்போது தன் தோலின்மேல்.  சட்டைப்பையில் லென்ஸ் துடைக்கிற தோல் மடித்து வைத்திருந்தார். இன்னொரு கை தானாகவே பைக்குப் போயிற்று. ரயில்காரரின் கண்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. முகம் செக்கச்சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இந்த மனிதர் துடைக்கப் போகிறார், நான் மானங்கெட்டுப் போகப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை. அந்தப் பார்வை கண்ணாடிக்காரருக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது அவருடையதாக இருந்தது.

வந்த விருந்தாளியைத் தலைகுனிய வைத்தது என்று இந்த வீட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அவர் பையிலிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தார். துண்டு ஒட்டியிருந்த கையை அப்படியே விட்டுவிட்டு, மற்ற கையால் பிஸ்கட் தட்டை ரயில்காரர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்கள்" என்றார்.  ரயில்காரர் இடுப்பு மடியக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இறுக்கம் இல்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது கண்ணாடிக்காரரைப் பொறுத்தவரை ஒரு கொடுமை. எல்லோரும் தின்றார்கள், எல்லோரும் பேசினார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சுகூட இடைவெளி விடவில்லை. சின்னவன் நாற்காலியை மூலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாளுக்கு எதிரே போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடச் சமையலறையைப் பற்றி அவர் சொல்ல, இவன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கேள்வி கேட்டான். வெள்ளைத் துணி நாசமாயிற்று. பையன்கூட, நல்ல பையன் என்று நினைத்திருந்தாரே, தேநீரை உறிஞ்சிக்கொண்டே சிரித்துப் புரையேறி இருமினான். மகள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே தன் கேக்கைக் கடித்தாள். இந்த வீட்டில் பிறந்த பெண்! யார் கற்றுக்கொடுத்தது இதையெல்லாம் அவளுக்கு?

ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து இல்லாத ஒரு தெளிவு அதில் இருந்தது. காரியம் கைகூடிவிட்டது, கைகூட்டியவன் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

ரயில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, கண்ணாடிக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. 'கல்யாணம்' என்பதும் 'எப்போது' என்பதும் மட்டும் பிடிபட்டன; மீதியில் எத்தனை 'நகர' இருந்ததோ.  எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கல்யாணப் பெண் தன் கல்யாணத் தேதியைத் தானே பேசக் கூடாது. அதில் மாற்றம் இல்லை.

தம்பியைப் பார்த்தார். சின்னவனின் வாய் நிறைந்திருந்தது. உதட்டோரத்தில் கிரீம், மீசையில் தூள், சட்டை முழுக்க வழிசல். பார்க்கச் சகிக்கவில்லை.

"டேய்" என்றார்.

"ம்ம்?"

"வீட்டுச் சார்பா நீயே பதில் சொல்லு. அவங்களுக்கு எந்த மாசம் வசதிப்படும்னு கேளு. நமக்கு எதுவானாலும் சம்மதம்னு சொல்லு. மரியாதையாச் சொல்லு."

சின்னவன் நம்ப முடியாமல் அண்ணனைப் பார்த்தான். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நானா அண்ணே? நெஜமாவா?"

"முதல்ல வாயில இருக்கறதை முழுங்கித் தொலைடா, வெட்கங்கெட்டவனே" என்ற கண்ணாடிக்காரர், தட்டில் கடைசியாக இருந்த கேக் துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தார்.